பெண்ணிய நோக்கு மையத்தின் முதல் பயனாளி

திருமயம் கோட்டையைத் தாண்டிக் காரைக்குடிப் பக்கம் போகும் பேருந்தில் ஏறினால், கொஞ்ச தூரத்தில் நடத்துநர் "பொம்பளை காலேஜ் எறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்கினால் எதிரே ஸ்ரீ ஆவுடைநாயகி மகளிர் கலை அறிவியல் கல்லூரி. ஆயிரத்துச் சொச்சம் பெண்கள் படிக்கிறார்கள். பாடம் நடத்துகிறவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பெண்கள். தாளாளர் ஆவுடையப்பன் என்ற ஒரே ஓர் ஆணின் கையெழுத்து இல்லாமல் அங்கே மின்விசிறி கூடச் சுற்றாது. நுழைவாயில் கல்வெட்டில் "பெண்களுக்காகவே வாழ்பவர்" என்று தம்மைப் பற்றித் தாமே எழுதி வைத்திருந்தார்.

அந்தக் கல்லூரி நூலகத்தில் பிரகதீஸ்வரி தற்காலிக உதவியாளர். சேர்ந்த நாளிலிருந்து தற்காலிகம்தான். அவளுக்குப் பின்னால் வந்த பீரோக்கள் கூட நிரந்தரமாகிவிட்டன.

தமிழ்த்துறை அமராவதிதான் அவளை முதலில் அழைத்தாள். கல்லூரிக்கே அமராவதி மேடம் என்றாலும் பிரகதீஸ்வரிக்கு அவள் அக்கா.

"நாள் முழுக்கப் புத்தகத்துக்குத் தூசி தட்டுறியே பிரகதி, உள்ள என்ன இருக்குன்னு பாக்க வேண்டாமா? சனிக்கிழமை அரைநாள் முடிஞ்சதும் பின்னாடி ரூமுக்கு வா. பொம்பளைங்க எழுதுனதாப் படிப்போம்."

பழைய இதழ்களைக் கட்டிப் போட்டிருந்த அறை. அமராவதியையும் அவளையும் சேர்த்து ஆறு பேர். கணினி ஆய்வகத்து அன்புச்செல்வி, விடுதிக் காப்பாளர் முத்துமாரியம்மாள், இன்னும் இரண்டு ஆசிரியைகள். ஒருத்தி வாய்விட்டுப் படிப்பாள். எந்த இடத்தில் தனக்குச் சுருக்கென்று தைக்கிறதோ அங்கே நிறுத்திப் புத்தகத்தை மேசைமேல் கவிழ்த்து வைப்பாள். பிறகு பேச்சு. இந்தப் பொம்பளை ஏன் பேசாமல் நின்றாள்? கதையை யார் கண்ணால் பார்க்கிறோம்? இதையே ஓர் ஆண் எழுதியிருந்தால் இந்த இடத்தில் அவளை அழ வைத்திருப்பானா, கோயிலுக்கு அனுப்பியிருப்பானா? 

"இதுக்கெல்லாம் யுனிவர்சிட்டியில பெரிய பேரு வச்சிருக்காங்க. பெண்ணிய வாசிப்பு, பாலின நோக்கு. நமக்குப் பேரு எதுக்கு? படி" என்பாள் அமராவதி.

ஒரே ஒரு விதி உண்டு. அதுவும் அமராவதி போட்டதுதான். புத்தகம் கவிழ்ந்திருக்கும்போது பேசியது அந்த அறையோடு சரி. கதவுக்கு வெளியே ஒரு சொல் போகக்கூடாது.

ஒரு சனிக்கிழமை பிரகதீஸ்வரியின் முறை. பிள்ளை பெற்ற உடம்போடு தண்ணீர் தூக்கும் ஒருத்தியின் கதை. தன் உடம்பில் யார் யாருக்கோ பாத்தியதை இருக்கிறது, தனக்கு மட்டும் இல்லையே என்று அவள் நினைக்கிற வரி வந்தது. பிரகதீஸ்வரி நிறுத்தினாள். புத்தகத்தைக் கவிழ்த்தாள். கவிழ்த்த கையை எடுக்காமலே பேசினாள்.

"ரெண்டும் பொண்ணாப் போச்சுன்னு எங்க அத்தை குடுமியான்மலைக்கு நேர்ந்துக்கிட்டு இருக்கு. அவரு தோஹாவுல இருந்து லீவுல வாரப்பல்லாம் ஆத்தாவும் மகனும் என் மூஞ்சியவே பாப்பாக. நான் சின்னவ பொறந்த கொஞ்ச நாள்லயே பெரியாஸ்பத்திரிக்குப் போயி காப்பர்-டி வச்சுக்கிட்டேன். யாருக்கும் தெரியாது. எனக்கும் அந்த நர்சம்மாவுக்கும்தான் தெரியும். இன்னைக்கித்தான் வாய்விட்டுச் சொல்றேன்."

முத்துமாரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்புச்செல்வி ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்து வந்தாள். அமராவதி அழுதாள். உண்மையாகவே அழுதாள், அதில் சந்தேகம் வேண்டாம். அன்றைக்குப் பேருந்தில் பிரகதீஸ்வரிக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து சேரும்வரை அது அவளுக்குத் தெரியவே இல்லை.

இப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை. தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கடிதம் வந்துவிட்டது.

குழு கேட்ட கேள்விகளில் ஒன்று: "பாலினச் சமத்துவத்துக்கு உங்கள் நிறுவனம் செய்தது என்ன?" முதல்வர் நெடுநேரம் யோசித்து, "மகளிருக்கெனத் தனிக் கழிப்பறை வசதி உண்டு" என்று எழுதினார். மகளிர் கல்லூரியில் மகளிர் கழிப்பறை இருப்பது சாதனையாகுமா என்று பணியாளர் கூட்டத்தில் ஓர் ஆசிரியை கேட்டாள். கல்லூரியிலேயே தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற கழிப்பறை தாளாளருடையது மட்டும்தான் என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். தாளாளர் மேசையைத் தட்டினார்.

"அஞ்சு மார்க் போகுது. அது கெடச்சா நம்ம தரம் ஒரு படி ஏறிரும். யாராச்சும் ஏதாச்சும் செஞ்சிருக்கீங்களா இல்லையா?"

அமராவதி எழுந்தாள். "நாங்க சனிக்கிழமை சனிக்கிழமை ஒண்ணு நடத்துறோம் சார்."

வெளியே வந்ததும் பிரகதீஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏங்க்கா சொன்னீங்க?"

"நல்லதுக்குத்தான்டி. அந்த ரூமுல ஃபேன் இல்ல, வெளிச்சம் இல்ல. இதைச் சாக்கா வச்சு வாங்கிருவோம். பதினஞ்சு வருசமா இங்க கத்துறேன், ஒரு பொறுப்பு குடுத்தாங்களா? நமக்குன்னு ஒரு எடம் வேண்டாமா?"

வேண்டும்தான். பிரகதீஸ்வரிக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த வாரமே பெயர் வந்தது: பெண்ணிய நோக்கு ஆய்வு மற்றும் பயன்பாட்டு மையம். பெயருக்குப் பின்னால் ஆலோசனைக் குழு வந்தது. தாளாளர், தாளாளரின் மருமகன், முதல்வர், ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், அரிசி ஆலை முதலாளி ஒருவர். பெண் பிரதிநிதியாகத் தாளாளரின் மனைவி. முதல் கூட்டம் தாளாளர் வீட்டில் நடந்தது. வந்தவர்களுக்குச் சமையல் கவனித்துக்கொண்டிருந்ததால் பெண் பிரதிநிதியால் கலந்துகொள்ள இயலவில்லை என்று கூட்டக் குறிப்பில் பதிவாயிற்று.

குழு வரும் நாளில் மேடையில் வாசிப்பைச் செய்து காட்ட வேண்டும் என்று முடிவாகியது. எந்தக் கதை என்பதில்தான் சிக்கல். அமராவதி கொடுத்த கதைகளைத் தாசில்தார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார்.

"இந்தப் பொம்பளை கடைசியில வீட்ட விட்டு எறங்கி நடக்குறாளே, எங்கிட்டுப் போறா?"

"தெரியாதுங்க சார். கதை அங்கேயே முடியுது."

"அப்படி முடியக் கூடாதும்மா. ராத்திரி எங்க தங்குவா? பாதுகாப்பு என்ன? நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா காலேஜுக்கில்ல கெட்ட பேரு?"

"சார், அது கதை."

"கதைதான். நம்ம மேடையில நடக்குற கதை."

விவாதம் நடந்தது. கடைசியில் அவள் வீட்டை விட்டு இறங்கலாம், ஆனால் ஆறு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று தீர்மானித்தார்கள். வெறுங்கையோடு திரும்பினால் காரணம் சரியாக இருக்காது என்று அரிசி ஆலை முதலாளி சுட்டிக்காட்டியதால் கையில் ஒரு கொத்துக் கறிவேப்பிலை கொடுத்தார்கள். எழுதியவர் இதற்குச் சம்மதிப்பாரா என்று அமராவதி கேட்டாள். அவர் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளலாம் என்றார் தாளாளர்.

ஒத்திகை தொடங்கியது. யார் எங்கே நிறுத்துவது, யார் கேள்வி கேட்பது, யார் பதில் சொல்வது எல்லாம் எழுதிக் கொடுக்கப்பட்டது. மூன்றாவது பத்தியில் முத்துமாரியம்மாள் அழ வேண்டும்.

"எனக்கு அந்த எடத்துல அழுகை வரலைங்க சார்" என்றாள் முத்துமாரியம்மாள்.

"வரவழைங்கம்மா. விடுதியில இத்தனை வருசமா இருக்கீங்க, அழுகைக்கா பஞ்சம்?" என்றார் தாளாளரின் மருமகன். அவர்தான் புகைப்படப் பொறுப்பு. எந்த இடத்தில் எடுத்தது என்று அட்சரேகையும் தீர்க்கரேகையும் படத்திலேயே விழுகிற மாதிரிக் கைப்பேசியில் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். அப்படிப்பட்ட படம்தான் குழுவிடம் செல்லும். "அம்மா, கண்ணீர் கன்னத்துக்கு வாரப்பக் கொஞ்சம் நிறுத்தி வைங்க. மேப்பு இன்னும் லோடாகல."

எல்லோரும் ஒரே நிறத்தில் மாம்பழ மஞ்சள் புடவை கட்டினார்கள். ஒத்திகையிலேயே தனித்தனியாகவும் படம் எடுத்தார்கள். ஒவ்வொருத்தியும் கணவர் அல்லது தகப்பனாரிடம் சம்மதக் கையெழுத்து வாங்கி வர வேண்டும் என்றார்கள். சுதந்திரமாகச் சிந்திப்பதற்குத் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று அதில் அச்சிட்டிருந்தது. கல்யாணம் ஆகாத, தகப்பன் இல்லாத அன்புச்செல்வி யாரிடம் வாங்குவது என்று கேட்டாள். தாளாளர் தாமே போட்டுக் கொடுத்தார்.

"இது அத்தனையும் ஒரு நாள் கூத்துடி" என்று அமராவதி வழியில் பிரகதீஸ்வரியின் தோளைத் தட்டினாள். "குழு போகட்டும். அப்புறம் நம்ம ரூமு, நம்ம புத்தகம், நம்ம பேச்சு."

அந்த வாரம் பிரகதீஸ்வரியின் கணவன் நாகராசு விடுப்பில் வந்து இறங்கினான். கையெழுத்துத் தாளைக் கண்டு சிரித்தான்.

"நீ சிந்திக்கிறதுக்கு நான் சம்மதம் தரணுமா? தரலைன்னா சிந்திக்க மாட்டியா?"

"கேலி பண்ணாதீங்க. போட்டுக் குடுங்க."

போட்டுக் கொடுத்தான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கேள்விப் பட்டியலில் "ஆண்களின் பங்கேற்பு" என்று ஒரு துணைக் கேள்வி இருந்தது. அனுமதி வழங்கிய கணவன்மார்களுக்குப் பொன்னாடை போர்த்துவது என்று தாளாளர் முடிவெடுத்தார். அவரே நாகராசுவுக்கு ஃபோன் செய்து முன்வரிசையில் நாற்காலி உறுதி செய்தார்.

கடைசிக் கூட்டத்தில் தாளாளர் ஒரு சந்தேகம் எழுப்பினார்.

"படிக்கிறீங்க, பேசுறீங்க, அழுகுறீங்க. சரி. இத்தனை நாளாப் படிச்சதுல ஒரு பொம்பளையாவது என்ன ஆனா? பயன் என்ன? குழுக்காரன் முதல்ல அதைத்தான் கேப்பான். ஒரு பயனாளி வேணும்."

அமராவதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து, "நான் பாத்துக்குறேன் சார்" என்றாள்.

பிரகதீஸ்வரி அவளைப் படிக்கட்டில் மறித்துக் கேட்டாள். "என்னத்தக்கா பாத்துக்குவீங்க?"

"பொதுவா ரெண்டு வரி எழுதிருவேன். தன்னம்பிக்கை வந்துச்சு, தலைமைப் பண்பு வந்துச்சுன்னு. ஏன்டி இப்படி முழிக்கிற? ஒன்னைய விட்டுக்குடுப்பேனா நானு?"

"அவரும் வாராருக்கா அன்னைக்கி."

"வரட்டுமே. எங்கிட்ட இருக்குறது எங்கிட்டதான் இருக்கும்."

அந்தச் சொல்லை நம்பித்தான் பிரகதீஸ்வரி மஞ்சள் புடவையைத் தேய்த்து வைத்தாள்.

நாள் வந்தது. நுழைவாயிலில் பதாகை. ஆலோசனைக் குழுவினர் அனைவரும் வேட்டி சட்டையில் கைகூப்பி நிற்க, அவர்கள் காலடியில் சின்னதாக ஒரு திறந்த புத்தகம். பெண் பிரதிநிதியின் படம் கிடைக்காததால் அவருக்குப் பதில் ஒரு குத்துவிளக்கு. கல்லூரியின் முகநூல் பக்கத்தில் நேரலை வேறு ஓடியது.

குழுத் தலைவர் பேசினார். "விடுதலை என்பது மிக நல்ல விசயம். ஆனா அது அளவிடக்கூடியதா இருக்கணும். ஒரு பெண் விடுதலை அடைஞ்சா அதுக்கு ஆதாரம் வேணும். ஆதாரம் இல்லாத விடுதலைக்கு மதிப்பெண் குடுக்க எங்க விதியில எடம் இல்ல."

அடுத்துத் தாளாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெண்ணிய நோக்குன்னு இப்பத்தான் பேரு வைக்கிறாங்க. நாங்க எப்பவோ நோக்க ஆரம்பிச்சுட்டோம். வளாகம் முழுக்கக் கேமரா. விடுதி வாசல்ல மட்டும் நாலு. இதுக்கு மேல பொண்ணுங்கள யாரு நோக்க முடியும்? எங்க வீட்டுலயும் பெண்களுக்கு முழுச் சுதந்திரம். நான்தான் குடுத்தேன். எப்ப வேணும்னாலும் எங்கிட்ட வந்து கேட்டு வாங்கிக்கலாம். இந்தப் பெண்கள் எழுதுன புத்தகம் எதையும் நான் படிச்சதில்ல, உண்மையச் சொல்றேன். படிக்காமலே ஆதரிக்கிறேன். அதுதான் பெருந்தன்மை. எங்கம்மா பேருலதான் இந்தக் காலேஜ் நிக்குது. எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என்னைய இப்படி வளத்திருக்குமா?"

கைதட்டல் நின்றதும் வாசிப்பு. அது நான்கு நிமிடத்தில் முடிந்தது. உரைகள் நீண்டுவிட்டதால் கதையில் அந்தப் பெண் வீட்டை விட்டு இறங்குகிற பகுதியை வெட்டியிருந்தார்கள். இறங்காமலேயே கறிவேப்பிலையோடு திரும்பி வந்தாள். முத்துமாரியம்மாள் எந்தப் பத்தியில் அழுவது என்று தெரியாமல் பொதுவாக அழுது வைத்தாள்.

பிறகு அமராவதி திரையில் மையத்தின் அறிக்கையைப் போட்டாள்.

முதலில் மையத்தின் நோக்கம். அடுத்து மையத்தின் படிநிலை அமைப்பு. மூன்றாவதாக: "பயனாளி ஆய்வு, ஒன்று."

திரை முழுக்க ஒரு மாம்பழ மஞ்சள் புடவை. கண்களின் மேல் மட்டும் கறுப்புப் பட்டை. மூக்குத்தி தெரிந்தது, சிரிப்பு தெரிந்தது, கழுத்தில் தாலிச் சங்கிலி தெரிந்தது, அதே புடவையில் அதே மேடையில் உட்கார்ந்திருந்தவளும் தெரிந்தாள். பக்கத்தில் எழுத்துகள்.

"திருமதி பி. நூலகப் பணியாளர். இரு பெண் குழந்தைகளின் தாய். ஆண் வாரிசு கேட்டு மாமியார் தந்த அழுத்தத்துக்கு ஆளானவர். மையத்தின் தொடர் வாசிப்பால் விழிப்புணர்வு பெற்று, கணவருக்குத் தெரியாமல் கருத்தடைச் சாதனம் பொருத்திக்கொண்டார். குறிப்பு: பயனாளியின் தனியுரிமை முழுமையாகக் காக்கப்பட்டுள்ளது."

மையம் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்னால் அவள் செய்துகொண்டது அது. அந்தப் பொய்யைக் கூட அவள் அப்போது கவனிக்கவில்லை. ஆயிரம் தலைகள் திரையிலிருந்து மேடைக்குத் திரும்பின. அவள் ஒரே ஒரு தலையைத்தான் பார்த்தாள். முன்வரிசையில் நாகராசு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் போல மெதுவாக உதடு அசைந்தது.

"சிறப்பு" என்றார் குழுத் தலைவர். "இதுதான் வேணும். அளவிடத்தக்க விளைவு."

திரையைப் படிக்கிற வழக்கமில்லாத தாளாளர், கையிலிருந்த சீட்டைப் பார்த்து அடுத்த நிகழ்ச்சியை அறிவித்தார். "மனைவியின் ஒவ்வொரு முடிவிலும் கூடவே நிற்கும் உத்தமக் கணவர், தோஹாவிலிருந்து இதற்காகவே வந்திருக்கும் நாகராசு அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

மாணவிகள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சிலர் பழக்கதோசத்தில் கைதட்டினார்கள். நாகராசு எழுந்தான். வேறு என்ன செய்வது என்று தெரியாதவன் எழுவது போல எழுந்து, மேடையேறி, குனிந்து, பொன்னாடையை வாங்கிக்கொண்டான். படம் எடுத்தார்கள். மேப்பு லோடாகும்வரை அவன் அப்படியே நின்றான்.

வீட்டுக்குப் பைக்கில் போகும்போது கண்மாய்க் கரையில் நிறுத்தினான். பொன்னாடை இன்னும் தோளில் கிடந்தது. அதை எடுத்து மடித்துப் பெட்ரோல் டேங்கின் மேல் வைத்தான்.

"எத்தனை பேருக்குத் தெரியும்?"

"நாங்க ஆறு பேரு."

"ஆறு பொம்பளைகளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

"சொல்லியிருந்தா விட்டிருப்பீகளா?"

"தெரியல." கண்மாயைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விட்டிருக்க மாட்டேனோ என்னமோ. ஆனா எங்கிட்ட கேட்டிருந்தா, வேணாம்னு சொன்ன பாவமாவது என்னோடதா இருந்திருக்கும். இப்ப எதுவுமே என்னோடது இல்ல. ஊரே பாக்க மேடையேறித் துண்டு வாங்கியிருக்கேன்."

அமராவதி எனக்குச் செய்ததைத்தான் நானும் இவனுக்குச் செய்திருக்கிறேனா என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. இல்லை, அது என் உடம்பு என்று மறுநொடி தோன்றியது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெஞ்சில் நின்றன.

வீட்டு வாசலில் மாமியார் நின்றாள். பக்கத்து வீட்டுப் பெண் கைப்பேசியில் நேரலை காட்டியிருந்தாள்.

"நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயி எடுத்துட்டு வா. என் மகன் லீவு முடியிறதுக்குள்ள."

"எடுக்க மாட்டேன் அத்தை."

அத்தனை நாள் மறைத்து வைத்திருந்தது வெளியே வந்தபின் அந்தச் சொல் எளிதாக வந்துவிட்டது. மாமியார் மகனைப் பார்த்தாள். அவன் எடு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பெட்டியை எடுத்தான். விடுப்பு பாக்கி இருக்கும்போதே டிக்கெட்டை மாற்றினான். கிளம்புகிற அன்று பெண் பிள்ளைகள் இரண்டையும் தூக்கிக் கொஞ்சினான். அவளிடம், "வாரேன்" என்று மட்டும் சொன்னான். எப்போது என்று சொல்லவில்லை. தோஹா போய்ச் சேர்ந்தபின் பிள்ளைகளிடம்தான் பேசினான். ஃபோன் அவள் கைக்கு வரும்போது மணி ஆகிவிட்டது என்று வைத்துவிடுவான்.

கல்லூரிக்கு அஞ்சு மார்க்கும் கிடைத்தது. தரம் ஒரு படி ஏறியது. வாசலில் வெடி வெடித்தார்கள்.

பழைய இதழ் அறைக்கு இப்போது குளிர்சாதனம் வந்துவிட்டது. கதவில் பித்தளைப் பலகை: ஒருங்கிணைப்பாளர், முனைவர் அமராவதி. பிரகதீஸ்வரி உள்ளே போனபோது அமராவதி எழுந்து வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"கோவமா இருப்பன்னு தெரியும். பேரு போடலயேடி. கண்ண மறைச்சுத்தானே போட்டேன்? கடைசி நேரத்துல அந்த ஆளு கழுத்துல கத்தி வச்சுட்டாரு. பயனாளி இல்லைன்னா மையமே இல்லைங்குறாரு. மையம் இல்லைன்னா நம்ம ரூமு?"

பிரகதீஸ்வரி கைகளை உருவிக்கொண்டாள்.

"உக்காரு. வீட்டுல என்ன ஆச்சு? நாகராசு என்ன சொன்னாரு? மாமியா?" குரலில் அக்கறை இருந்தது. மேசைமேல் கைப்பேசியும் பதிவு ஓடத் தயாராக இருந்தது. "தொடர் விளைவுன்னு ஒரு பக்கம் அனுப்பச் சொல்லியிருக்காங்க. பயனாளி குடும்பத்தோட சுமுகமா இருக்காருன்னு முடிச்சா நல்லது. நீயே ஒன் வாயால சொல்லிட்டீன்னா எனக்கும் மனசு ஆறும்."

"அக்கா."

"சொல்லு."

"மொத சனிக்கிழமை நாங்க யாரும் வாயத் தொறக்கல. பயந்துக்கிட்டு உக்காந்திருந்தோம். நீங்கதான் மொதல்ல பேசுனீங்க. ஒங்க விசயத்த. அதைக் கேட்டுத்தான் எங்களுக்குப் பேசலாம்னு தைரியம் வந்துச்சு." அவள் நிறுத்தினாள். "பயனாளி ஒண்ணுன்னு அதை ஏங்க்கா போடல?"

அமராவதியின் கை கைப்பேசிக்குப் போய் அதை அணைத்தது. எழுந்து கதவைச் சாத்தினாள். குளிரறையில் அவள் மேலுதட்டில் வியர்த்திருந்தது.

"அது வேறடி."

"எப்படிக்கா வேற?"

"அது என் சொந்த விசயம்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே அது காதில் விழுந்தது போலிருந்தது. பிரகதீஸ்வரி கதவை நோக்கி நடந்தாள்.

"பிரகதி, நீ அதை யாருகிட்டயும்..."

கதவு திறந்து மூடியது.

மையத்தில் இப்போது சனிக்கிழமைதோறும் வாசிப்பு கட்டாயம். வராதவர்களுக்கு அரைநாள் விடுப்பு கழியும். போகிறவர்கள் வருகையைப் பதிந்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்கள். யாருக்கும் எந்த வரியும் தைப்பதில்லை.

அன்புச்செல்விதான் விடாமல் தூண்டினாள். "நீ ஒரு வார்த்தை சொல்லுடி. நானே நாலு படம் போட்டு, கண்ணுல கறுப்புப் பட்டையும் ஒட்டி, காலேஜ் குரூப்புல தட்டி விட்டுருறேன். அவங்களுக்கும் தெரியட்டும் வலி." தாளாளரின் மருமகன் கூட ஒருநாள் நூலகத்துப் பக்கம் வந்து, அமராவதி மேடத்தைப் பற்றி என்னமோ இருக்கிறதாமே, இரண்டாவது பயனாளியாகப் போடலாமா என்று நைச்சியமாகக் கேட்டுப் பார்த்தார்.

பிரகதீஸ்வரி இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னாள்: "அந்த ரூமுல பேசுனது அந்த ரூமோட சரி." முதல் சனிக்கிழமை அமராவதி அழுதுகொண்டே சொன்னது என்ன என்று அவள் இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை. அதனால் அது இந்தக் கதையிலும் இல்லை.